பட்டன் இன்னும் முடியவில்லை

அதை அழுத்திவிடாதீர்கள் சார். கம்பியில் இருக்கிறதே, அந்தச் சிவப்புப் பட்டன். அழுத்தினால் டிரைவருக்கு மணி அடிக்கும், அடுத்த ஸ்டாப்பில் வண்டியை ஓரங்கட்டிவிடுவார். நீங்கள் மருதமலைக்குத்தானே? பையில் மாலை தெரிகிறது, வேறெங்கே போகப்போகிறீர்கள். நான் முல்லை நகரில் இறங்குகிறவன். இப்போதுதான் காந்திபுரத்தை விட்டுக் கிளம்பியிருக்கிறோம். அழுத்த வேண்டாம், சும்மா பாருங்கள்.

என்ன தெரிகிறது? சிவப்பாக ஒரு வட்டம். அவ்வளவுதான். மேலே ஒரு வெளிச்சம் இல்லை, கீழே ஒரு நிழல் இல்லை. யாரோ வெற்றிலை எச்சில் துப்பிவிட்டுப் போனது மாதிரி இருக்கிறது. இப்போது எல்லாமே இப்படித்தான். உங்கள் போனை எடுத்துப் பாருங்கள். டிக்கெட் போடுகிற பட்டன் தட்டை, பணம் அனுப்புகிற பட்டன் தட்டை, எல்லாவற்றையும் இஸ்திரி போட்டு வைத்திருக்கிறார்கள். யார் இதை ஆரம்பித்தது என்று கேட்டால் வெளிநாட்டுக் கம்பெனிக்காரன் என்பார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். காங்கேயம் பக்கத்தில் குழந்தைவேல் என்று ஒரு விவசாயி. அவர்தான் சார் ஆரம்பம். எனக்கு அமைய இருந்த கல்யாணம் போனதும் அவரால்தான்.

சிரிக்காதீர்கள். நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

என் பெயர் திருமூர்த்தி. ராம்நகரில் டிசைன் கடை. கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, மாவு மில் சாக்குக்கு முத்திரை, எல்லாம் செய்வேன். நான் சொல்வது தெருவுக்கு ஒரு நெட் சென்டர் இருந்த காலம். எங்கள் ஆட்களுக்கு ஒரு சங்கம் உண்டு. சங்கத்துக்குக் கல்யாண மண்டபம் உண்டு, மண்டபத்தின் மாடியில் ஓர் அறை. அந்த அறையில் ஊர்ப்பட்ட ஜாதகங்களைக் கட்டுக் கட்டாகப் போட்டு வைத்து, வரன் பார்த்துச் சொல்வார்கள். செயலாளர் சென்னியப்பன் அய்யா ஒருநாள் என் கடைக்கு வந்தார்.

"திருமூர்த்தி, இனிமே கட்டைப் பிரிச்சுக் கட்ட என்னால முடியாது. எல்லாத்தையும் வெப்சைட்டுல ஏத்திப்போடலாம்னு கமிட்டில முடிவு. உள்ள ஓடற சமாச்சாரத்தை வெளியூர்க் கம்பெனி பாத்துக்குது. மேல அழகு பண்றது உன் வேலை."

"செஞ்சுடலாங்க அய்யா."

"செஞ்சு குடு. மொத கல்யாணம் உனக்குத்தான். உனக்கும் வயசு போயிட்டே இருக்குது, உன்ற தலையப் பாத்தாலே தெரியுது."

தலை அப்போது இவ்வளவு மோசமில்லை சார். முன்பக்கம் மட்டும்தான்.

வெளியூர்க் கம்பெனி அனுப்பியதைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு பக்கம், ஒவ்வொரு பையனுக்கும் ஒரு பக்கம். போட்டோ, படிப்பு, நட்சத்திரம். கீழே 'விருப்பம்' என்று ஒரு பட்டன். பிடித்திருந்தால் அதை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். சம்பந்தப்பட்ட வீட்டுக்குத் தகவல் போய்விடும். பட்டன் எப்படி இருந்தது என்கிறீர்கள்? சாம்பல் நிறத்தில், சவப்பெட்டி மூடி மாதிரி. ஒரு வாழ்க்கை ஆரம்பிக்கிற இடமா அது? அப்போதே முடிவு செய்துவிட்டேன், வேறு எது எப்படிப் போனாலும் இந்தப் பட்டனை ஒரு வழி பண்ணாமல் விடுவதில்லை என்று.

போட்டோக்களை ஏற்றுகிற வேலையும் என்னிடம்தான். எல்லாப் பெண்களும் ஸ்டுடியோவில் போய், பின்னால் நீர்வீழ்ச்சிப் படத்தைத் தொங்கவிட்டு, பிளாஸ்டிக் ரோஜாவைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஒரே ஒரு பெண் மட்டும் மோட்டார் பக்கத்தில் நின்றாள். தண்ணீர் மோட்டார் சார், கிணற்றுக்குப் போடுவது. பெயர் கோகிலவாணி. பீளமேட்டில் ஒரு மோட்டார் கம்பெனியில் சோதனைப் பிரிவில் வேலை. நாள் முழுக்க மோட்டாரை ஓடவிட்டு, ஓடுகிறதா, சூடாகிறதா, சத்தம் வருகிறதா என்று பார்த்து முத்திரை குத்துகிற வேலை. ஒரு கை ஸ்டார்ட்டர் பெட்டி மேல். முகத்தில், 'சீக்கிரம் எடுங்க, வேலை கிடக்குது' என்கிற மாதிரி ஒரு களை. ஜன்னல் வெளிச்சம் இடதுபக்கமிருந்து வந்து நெற்றியில் சரிந்து கன்னத்தில் மறைந்தது. அந்த மாதிரி ஒரு ஹைலைட்டை நான் யார் முகத்திலும் பார்த்ததில்லை.

என் மனது அன்றைக்கே சரி என்று சொல்லிவிட்டது. இந்தப் பெண்தான். பட்டனை முடிப்பது, முடித்ததும் முதல் ஆளாக இந்தப் பெண்ணின் பக்கத்தில் அழுத்துவது. திட்டம் அதுதான்.

பட்டன் செய்வது சும்மா இல்லை சார். முதலில் மூலை மழுங்கிய ஒரு செவ்வகம். அதை வெக்டார் வடிவமாகப் போட வேண்டும். புள்ளி புள்ளியாக வரைந்த படத்தைப் பெரிதாக்கினால் ஓரம் பல்லிளித்துவிடும். வெக்டார் என்றால் கோட்டுக்கும் வளைவுக்கும் கணக்கு வைத்து வரைவது. மருதமலை அளவுக்குப் பெரிதாக்கினாலும் ஓரம் வழவழவென்றே இருக்கும். அடுத்து நிறம். ஒரே நிறமாகப் பூசிவிடக் கூடாது. கண்ணாடி டம்ளரில் ரோஸ்மில்க்கை ஊற்றி ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள், மேலே அடர்த்தியாக இருக்கும், அடியில் வெளிச்சம் தேங்கியிருக்கும். அப்படி மேலிருந்து கீழே இளக வேண்டும். பிறகு ஓரத்துக்கு ஒரு மெல்லிய கோடு, கோட்டுக்கு உட்புறமாக ஒரு நிழல். கடைசியில்தான் உயிர். மேல்பாதியில் வெள்ளையாக ஒரு முட்டை வடிவத்தைப் போட வேண்டும். மேல்நுனியில் சுத்த வெள்ளை, கீழே வரவரக் கரைந்து காணாமல் போக வேண்டும். பட்டனுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை வெட்டிவிட வேண்டும். ஒவ்வொன்றும் தனித்தனி லேயர். ஒன்றை நகர்த்தினால் மற்றதெல்லாம் கோபித்துக்கொள்ளும்.

முதல் பட்டனை முடித்து சங்கத்து அறையில் காட்டினேன். சென்னியப்பன் அய்யா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"எல்லாஞ் செரி. டியூப் லைட் வெளிச்சம் அடிக்குது பாரு, பட்டன் தெரிய மாட்டீங்குது."

தோளில் கிடந்த துண்டை எடுத்துத் திரையைத் துடைத்தார். வெளிச்சம் போகவில்லை. எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். போகவில்லை. டியூப் லைட்டை அணைத்தார். இருட்டில் இருவரும் உட்கார்ந்திருக்கிறோம் சார், பட்டன் மட்டும் மின்னிக்கொண்டிருக்கிறது.

"அட, இது உள்ளயே இருக்கறதா?" என்றார்.

கீழே மண்டபத்துச் சமையல்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் எட்ட நின்று பார்த்துவிட்டு, "நெய் தடவி வெச்சாப்புல இருக்குதுங்க" என்றார். என் தொழிலில் எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அது. இருந்தாலும் எனக்குத் திருப்தியில்லை. அந்த வெள்ளை கீழே கரைகிற இடத்தில் ஒரு சின்ன முறிவு. மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியாது.

அழுத்தினால் பட்டன் அமுங்குகிற மாதிரி இன்னொரு படமும் செய்திருந்தேன். அதைச் சோதிக்க ஒரு பக்கம் வேண்டும் அல்லவா. "உன்னையே போட்டுக்கோப்பா" என்றார் அய்யா. என் போட்டோ, என் விவரம் எல்லாம் உள்ளபடி அடித்து, மேலே மட்டும் 'மாதிரிப் பக்கம்' என்று எழுதி வைத்தேன்.

வெப்சைட்டைத் திறந்ததும் என்ன ஆயிற்று தெரியுமா? அழுத்தித் தள்ளிவிட்டார்கள். கரூர்க்காரர் ஒருவர் இருந்த பெண்கள் அத்தனை பேருக்கும் வரிசையாக அழுத்தியிருந்தார். விசாரித்தால், "பட்டன் அமுங்கறது நல்லாயிருந்துச்சுங்க" என்கிறார். அவருக்கு ஏற்கெனவே பேரன் இருக்கிறான். நெட் சென்டரில் அதற்கென்றே காசு கட்டி உட்கார்ந்திருக்கிறார்கள் சார். சென்னியப்பன் அய்யாவுக்குத் தலைகால் புரியவில்லை, எனக்குப் பொன்னாடை போர்த்தினார். நான் வீட்டுக்கு வந்து கோகிலவாணி பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அங்கேயும் விருப்பம் குவிந்து கிடக்கிறது. திருப்பூர், ஈரோடு, துபாயிலிருந்துகூட.

நான் செய்த பட்டன் எனக்கே எதிரி. யோசித்தேன். அந்தப் பெண்ணின் பக்கத்தில் மட்டும் என் பட்டனை எடுத்துவிட்டு, பழைய சாம்பல் பட்டனைப் போட்டேன். தப்பாக நினைக்காதீர்கள், பாதுகாப்புக்காகத்தான். கம்ப்யூட்டரில் சாம்பலாக இருந்தால் அது வேலை செய்யாது என்று அர்த்தம், யாரும் தொட மாட்டார்கள். ஆனால் உள்ளே அது வேலை செய்துகொண்டுதான் இருந்தது. அதை நிறுத்துவது கம்பெனிக்காரர்கள் வேலை, எனக்குத் தெரியாது. நான் மேல்பூச்சு மட்டும்தானே.

நினைத்தபடியே நடந்தது. அதற்கப்புறம் கோகிலவாணி பக்கத்துக்குப் புதிதாக ஒரு விருப்பம்கூட வரவில்லை. நான் நிம்மதியாக உட்கார்ந்து, அந்தப் பக்கத்துக்கென்று தனியாக ஒரு பட்டன் ஆரம்பித்தேன்.

அய்யா ஒருநாள் கேட்டார், "மனசுல ஏதாச்சும் பொண்ணு இருந்தா சொல்லுப்பா. நானே நேர்ல போயிப் பேசறேன். வெத்தலை பாக்கு எடுத்துட்டுப் போனா பொழுதுக்குள்ள முடிஞ்சிரும்."

"பட்டன் முடியட்டுங்க அய்யா" என்றேன்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சங்கத்து அறையில் நான் மட்டும் இருந்தேன். வாசலில் டிபன் கேரியர் சத்தம். நிமிர்ந்தால் கோகிலவாணி. போட்டோவில் இருந்த அதே முகம், அதே 'வேலை கிடக்குது' களை. ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தாள்.

"ஏனுங்க, இங்க பட்டன் போடறவரு நீங்கதானுங்களா?"

தையல்காரரைக் கேட்பது மாதிரி இருந்தது. ஆனாலும், "ஆமாங்க" என்றேன்.

"எல்லாப் பொண்ணுங்களுக்கும் பட்டன் ஜோரா மின்னுது. எனக்கு மட்டும் பீஸ் போனாப்புல கெடக்குது. எங்கம்மா நெட் சென்டர்ல உக்காந்து அழுவறாங்க."

"வேலை நடக்குதுங்க. உங்களுக்குன்னு தனியா ஒண்ணு செஞ்சிட்டிருக்கேன்."

கேரியரை மேஜை மேல் வைத்தாள். "எனக்கு மட்டும் எதுக்குங்க தனியா?"

இவ்வளவு கூர்மையான கேள்வியைத் தொழிலில் இருக்கிறவர்கள்கூடக் கேட்டதில்லை. விளக்கமாகவே சொன்னேன். "உங்க போட்டோவுல வெளிச்சம் இடதுபக்கமிருந்து வருதுங்க. நெத்தியில விழுந்து கன்னத்துல மறையுது. பட்டன்ல நேர் மேல இருந்து வருது. ரெண்டும் ஒத்துப்போகலீன்னா பக்கத்தையே கெடுத்துரும்."

"என்ற போட்டோவ அவ்வளவு நேரமா பாத்தீங்க?"

"பாக்காம எப்படீங்க. வேலையாச்சே."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். திரையில் என் மாதிரிப் பக்கம் திறந்திருந்தது. மேலிருந்து கீழே படித்தாள். படிப்பு, நட்சத்திரம், உயரம், எல்லாம். என் போட்டோவைப் பார்த்தாள், திரும்பி என்னைப் பார்த்தாள்.

"இது நீங்கதானுங்களா? போட்டோவுல முடி இருக்குது."

"அது கொஞ்சம் முந்தி எடுத்ததுங்க."

சிரித்தாள். சிரித்துவிட்டு மவுஸை எடுத்து, 'விருப்பம்' பட்டனை அழுத்தினாள் சார்.

நான் பட்டனையே கவனித்துக்கொண்டிருந்தேன். "பாத்தீங்களா, அமுங்கறப்ப நிழல் உள்ள போகுது. கையை எடுத்தா வெளிய வருது."

"பாத்தனுங்க. அப்பறம்?"

"அப்பறம் ஒண்ணுமில்லீங்க, அவ்வளவுதான்."

"எங்க கம்பெனில பட்டனை அழுத்துனா மோட்டார் ஓடுமுங்க" என்றாள். மறுபடியும் அழுத்தினாள். 'உங்கள் விருப்பம் தெரிவிக்கப்பட்டது' என்று திரையில் எழுத்து வந்தது. "பாருங்க, தெரிவிச்சாச்சுன்னு வருது."

பாவம், பயந்துவிட்டாள் என்று நினைத்தேன். "அதைப் பத்திக் கவலைப்படாதீங்க. இது மாதிரிப் பக்கந்தானே, எங்கயும் போகாது. இப்பவே அழிச்சுப் போடறேன்." அவள் கண்முன்னாலேயே அழித்தும் காட்டினேன். எதிரில் இருப்பவருக்கு ஒரு சங்கடம் வரக்கூடாது அல்லவா.

என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். கரண்ட் இருந்தும், ஒயர் எல்லாம் சரியாக இருந்தும் ஓடாத மோட்டாரைப் பார்ப்பார்களே, அப்படி ஒரு பார்வை. நாள் முழுக்க அதையே செய்தால் அப்படித்தான் பழகிப்போகும்.

"என்ற பட்டன் எப்பங்க முடியும்?" என்று கேட்டாள்.

"அந்த வெள்ளை கரையற எடம் மட்டும் சரியா வரணும். வந்துட்டா முடிஞ்சுதுங்க."

"சீக்கிரம் முடிங்க" என்று சொல்லிவிட்டுக் கேரியரை எடுத்துக்கொண்டாள். வாசல் வரை போய்த் திரும்பி, "நான் தெனமும் இந்த வழியாத்தான் போவனுங்க, ஷிப்ட் முடிஞ்சு" என்றாள். எதற்கு அதைச் சொன்னாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. பீளமேட்டிலிருந்து அவள் வீட்டுக்கு அந்த வழி சுற்று.

நான் ராப்பகலாக வேலை செய்தேன் சார். இடதுபக்கத்து வெளிச்சம் சரியாக வந்தது, ஆனால் நிழல் தப்பாகப் போனது. நிழலைச் சரிசெய்தால் நிறம் வெளிறியது. கீழே தரையில் பட்டனின் பிம்பம் லேசாக விழுகிற மாதிரி செய்தால் இன்னும் நன்றாக இருக்குமே என்று தோன்றியது. அதையும் ஆரம்பித்தேன்.

அப்போதுதான் குழந்தைவேல் வந்தார். வெள்ளை வேட்டி, கையில் ஒரு தார் வாழைப்பழம். சென்னியப்பன் அய்யாவிடம், "கோகிலவாணின்னு ஒரு அம்முணிக்கு அழுத்தியிருந்தனுங்க. அவிய வீட்டுல வரச் சொல்லீட்டாங்க. சங்கத்துல ஒரு வார்த்தை சொல்லீட்டுப் போலாம்னு வந்தனுங்க" என்றார்.

எனக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. "அந்தப் பட்டன் சாம்பலா இருந்துச்சுங்களே. வேலை செய்யாதுன்னு தோணலீங்களா?" என்று கேட்டேன்.

அவர் என்னை அனுதாபமாகப் பார்த்தார். "எங்க கெணத்து ஸ்டார்ட்டர் பட்டனை நீங்க பாத்ததில்லீங்களே. அதுல பச்சை எது செவப்பு எதுன்னே தெரியாது. முழுக்கச் சேறு. அழுத்திப் பாத்தாத்தானுங்க தெரியும்."

கேட்டீர்களா? ஓர் ஆள் ஒரு வெப்சைட்டைப் பார்த்துப் பேசுகிற பேச்சா இது? பட்டனின் வடிவம், நிறம், ஓரம், எதையும் பார்க்கவில்லை. அந்த போட்டோவில் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கேட்டேன். "வெளிச்சமுங்களா? அம்முணி மோட்டார் மேல கை வெச்சு நின்னுது. நம்ம வீட்டுக்கு ஆகும்னு தோணுச்சு" என்கிறார். ரசனை என்பது மருந்துக்கும் கிடையாது. அந்த மாதிரி ஆட்கள் பெருகிப்போனதால்தான் சார் உலகத்தில் பட்டன் எல்லாம் தட்டையாகிவிட்டது.

பத்திரிகை அடிக்க என் கடைக்குத்தான் வந்தாள் கோகிலவாணி. வாசகம் எழுதின தாளை நீட்டி, "முகூர்த்தத்துக்கு முந்தி முடிச்சுக் குடுங்க. இது காத்துட்டு நிக்காதுங்க, நீங்க முடிக்கற வரைக்கும்" என்றாள். நான் தலைப்பில் பிள்ளையாருக்கு மெருகு ஏற்றலாம் என்று ஆரம்பித்தேன். "மெருகெல்லாம் வேண்டாமுங்க. எழுத்து தெரிஞ்சாப் போதும்" என்று சொல்லிவிட்டாள். குழந்தைவேல் சகவாசம் அதற்குள்ளேயே ஒட்டிக்கொண்டுவிட்டது பாருங்கள்.

இப்போதும் எங்கேயாவது கல்யாணத்தில் பார்த்தால் பந்தியில் எதிர்வரிசையிலிருந்து கேட்பாள், "ஏனுங்க, அந்தப் பட்டன் முடிஞ்சுதுங்களா?" குழந்தைவேல் பக்கத்தில் உட்கார்ந்து ரசத்தை ஊதிக்கொண்டு சிரிப்பார். அவருக்கு என்ன தெரியும். இத்தனை வருடம் கழித்தும் ஒருத்தர் ஒரு பட்டனை நினைவு வைத்திருந்து விசாரிக்கிறார் என்றால், அது எவ்வளவு நல்ல பட்டனாக இருந்திருக்க வேண்டும். அதை யோசித்துப் பாருங்கள் நீங்கள்.

என்ன கேட்டீர்கள்? நான் அழுத்தினேனா என்றா?

நான் எப்படி சார் அழுத்த முடியும்? பட்டன் முடியவே இல்லையே. சாம்பல் பட்டனை நானே போட்டுவிட்டு, அதை நானே அழுத்துவதா? ஒரு மரியாதை வேண்டாமா? முடிந்ததும் அழுத்துவது என்று இருந்தேன். இப்போதும் அந்த ஃபைல் இருக்கிறது. ஒரே ஓர் இடம்தான் பாக்கி. வெக்டாராகப் போட்டு வைத்ததால் இத்தனை வருடமாகியும் ஓரம் துளிகூடக் கெடவில்லை.

கல்யாணமா? இல்லை. சென்னியப்பன் அய்யா இருந்தவரை தேடிக்கொண்டிருந்தார். பார்ப்போம்.

முல்லை நகர் வருகிறதா? சரி, சரி. இந்தப் பட்டனை அழுத்த வேண்டியதுதான். ஒரு நிமிடம் இருங்கள். வண்டி திரும்பும்போது வெயில் இதன் மேல் விழுகிறது, கவனித்தீர்களா? மேல்விளிம்பில் ஒரு சின்ன மினுக்கம். அட, நான் தட்டை என்று சொன்னது தப்பு. நல்ல கைக்காரர் யாரோதான் செய்திருக்கிறார். மேலே பாருங்கள், வெள்ளை எப்படிக் கரைகிறது என்று. அந்த இடம்தான் சார், அந்த இடம்தான் எனக்கு வரவே இல்லை.

போய்விட்டதா? அதுதான் முல்லை நகரா?

பரவாயில்லை. பின்னால் யாரோ மணி அடித்துவிட்டார்கள், வடவள்ளியில் இறங்கித் திரும்பி நடந்துகொள்கிறேன். வழக்கம்தான். அந்த அம்மாளைப் பார்த்தீர்களா? ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே அழுத்துகிறார்கள். பட்டன் இருக்கிற பக்கம்கூடத் திரும்பவில்லை. சுத்த குழந்தைவேல்.